கரண்ட் வைக்கும் முன் பல்லைப் பிடுங்குவதா, பிறகு பார்த்துக்கொள்வதா?

"எல்லாப் பல்லையும் புடுங்கிப் போட்டுட்டுத்தான் கரண்ட் வைப்பாவளாமே தாயி, நெசமா?"

கேட்டவர் லாரி ஓட்டியவர், வயது 58. இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று. 30 வருடமாகப் புகையிலையை ஒதுக்கி வைத்த அதே இடம். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கையில் புற்றுநோய் மருத்துவமனை கொடுத்த சீட்டு: பல்லைப் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, கதிர்வீச்சுக்கு அனுப்பவும். கூட வந்த மகளுக்கு வேறு கவலை. "ஏற்கெனவே கஞ்சிதான் குடிக்கிறாங்க. இருக்கிற பல்லையும் எடுத்துட்டா என்னத்தச் சாப்பிடுவாங்க? மொதல்ல கரண்ட் முடியட்டும் டாக்டர். பல்ல அப்புறமா பாத்துக்கிடலாம்லா?"

எங்கள் ஊர்ப் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பெயர். வாய், தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைக்கப் போகிறவர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த முடிவை எடுத்தாக வேண்டும். முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாப் பல்லையும் எடுத்துவிடலாம். தேறாததை மட்டும் எடுக்கலாம். எதையும் தொடாமல் சிகிச்சையை முடித்துவிட்டு வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். பேச்செல்லாம் பல்லைப் பற்றித்தான் நடக்கும். ஆனால் விஷயம் பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பில் இருக்கிறது. அதனால் எலும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எலும்பைக் கல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது எந்நேரமும் மராமத்து நடக்கிற வீடு. பழசை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு வகை, புது எலும்பைப் பூசும் செல்கள் இன்னொரு வகை. எலும்புக்குள்ளேயே சின்னச் சின்னக் குழிகளில் புதைந்து கிடந்து, எங்கே கீறல் விழுந்தது, எங்கே பாரம் ஏறியது என்று தகவல் அனுப்பும் செல்கள் மூன்றாவது வகை. வளர்ந்த ஆளின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. பல் பதிந்திருக்கும் தாடை விளிம்பில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். முறுக்கு கடிக்கும்போதும் ஆட்டுக்கறி மெல்லும்போதும் உண்டாகும் நுண்ணிய கீறல்களை நாம் அறியாமலே அது பூசி மெழுகிக்கொண்டிருக்கிறது.

வாய்ப் புற்றுக்கு ஆபரேஷனுக்குப் பின் வைக்கும் கரண்ட் பெரும்பாலும் 60 முதல் 66 கிரே. உடல் உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகுதான் கிரே. ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சையே முதன்மைச் சிகிச்சையாகக் கொடுத்தால் 70 வரை போகும். நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். புற்றுச் செல்லைக் கொல்லும் இந்தக் கதிர், வழியில் இருக்கும் எலும்பின் கொத்தனார்களையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. புது எலும்பு பூசும் செல்கள் குறைந்துபோகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் தடித்து வழி அடைபடுகிறது. மஜ்ஜை இருந்த இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. கொத்தனாரும் போய்விட்டார், குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டது. ஆனால் வீடு அப்படியே நிற்கிறது.

'அப்படியே நிற்கிறது' என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. எலும்புக்குக் கடினம் தருவது கால்சியம் பாஸ்பேட் உப்பு. வெடித்துச் சிதறாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்க வைப்பது கொலாஜன் நார். சிகிச்சைக்குத் தரும் அளவுக் கதிர் உப்பை உடனே ஒன்றும் செய்வதில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதோ அந்த உப்பு மட்டும்தான். சாதாரணப் படத்தில் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் உப்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்திருக்க வேண்டும். ஆகவே கரண்ட் முடிந்த ஆறாம் மாதம் படம் எடுத்துப் பார்த்து "எலும்பு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், சுவர் நிற்கிறது என்று மட்டும் அர்த்தம். புதிதாக ஒரு துளை போட்டால் மூடுமா என்பது அந்தப் படத்தில் தெரியாது. பல்லைப் பிடுங்குவது சுவரில் துளை போடுகிற வேலைதான்.

கொலாஜனைக் கதிர் என்ன செய்யும் என்பதை வேறோர் இடத்தில் அப்பட்டமாகப் பார்க்கலாம். தானமாகப் பெற்ற எலும்பைப் பதப்படுத்தி வைக்கும் திசு வங்கிகள், மும்பை டாடா மெமோரியலில் உள்ளதைப் போல, கிருமி நீக்கத்துக்குக் காமாக் கதிரைப் பயன்படுத்துகின்றன. அதற்கு வழக்கமான அளவு 25 ஆயிரம் கிரே. அந்த அளவில் கொலாஜன் இழைகளே அறுந்துபோகும். எலும்பின் விறைப்பு ஏறக்குறைய முன்போலவே இருக்கும். அடி தாங்கும் குணம் போய்விடும், சாக்பீஸ் மாதிரி. நோயாளியின் தாடை இந்த எல்லைக்கெல்லாம் போவதில்லை. அங்கே நடப்பது மெதுவான சேதம். பழுது பார்க்க ஆளில்லாததால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் சேதம்.

கடைசியில் அது எங்கே கொண்டுபோய் விடும்? ஈறு திறந்து, உள்ளே மஞ்சள் நிறத்தில் எலும்பு தெரியும். மூன்று மாதமாகியும் மூடாது. புற்று திரும்பி வந்ததாலும் அல்ல. இதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர், கதிர்பட்டு எலும்பு செத்துப்போவது. முற்றினால் கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடியும். கொட்டாவி விடும்போது தாடை உடைந்தவர்கள்கூட உண்டு. அப்புறம் காலிலிருந்து ஃபிபுலா எலும்பை எடுத்துத் தாடையாக வைத்துத் தைக்க வேண்டியதுதான்.

மேல்தாடையில் இது அபூர்வம். அங்கே ரத்தக்குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அடைத்தால் இன்னொன்று ஊட்டும். கீழ்த்தாடை அடர்த்தியான எலும்பு. உள்ளே ஓடும் ஒற்றைத் தமனியையும் மேலே போர்த்தியிருக்கும் சவ்வையும் நம்பியே இருக்கிறது. அதிலும் கடைவாய்ப் பக்கம்தான் பலவீனம். நம் ஊரில் புகையிலை ஒதுக்கும் இடமும், கன்னப் புற்றுக்குக் கதிர் விழும் இடமும் அதுவேதான்.

'கரண்ட் வைத்தால் தாடை அழுகிவிடும்' என்ற பயம் ஊரில் பரவியிருப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. முற்காலத்து எக்ஸ்ரே இயந்திரங்கள் 200, 300 கிலோவோல்ட்டில் வேலை செய்தன. அந்தச் சக்தியில் கால்சியம் உள்ள எலும்பு, பக்கத்துச் சதையைவிடக் கணிசமாக அதிகக் கதிரை உறிஞ்சும். கோபால்ட் இயந்திரமும் பிறகு லினாக் என்ற உயர்சக்தி இயந்திரமும் வந்தபின் அந்தப் பாகுபாடு ஏறக்குறைய போய்விட்டது. தாத்தா காலத்துக் கதையை வைத்து இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். இன்னொன்று: இந்தப் பயத்தில் பல் எக்ஸ்ரே எடுக்கவே மறுப்பவர்களையும் பார்க்கிறேன். முழுத்தாடைப் படம் ஒன்றின் கதிர் அளவை மைக்ரோ சீவர்ட்டில் எண்ணுவார்கள், சில பத்துகளுக்குள். அதனால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் படம் இல்லாமல் எந்தப் பல்லை எடுப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

இனி வழிகளுக்கு வருவோம்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் பழைய மரபு. அதற்குப் பின்னால் ஒரு நேர்மையான கணக்கு இருந்தது: பல்லே இல்லாவிட்டால் பிறகு பிடுங்க வேண்டிய தேவையும் வராது. வாய் சுத்தம் பார்க்காதவர், திரும்பி வர வாய்ப்பில்லாதவர், ஏற்கெனவே பாதிப் பல் ஆடுகிறவர் என்றால் இன்றைக்கும் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கினால் இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்று, காயம் கூடுகிறது. கதிர் தொடங்குமுன் ஆற வேண்டிய குழிகள் ஐந்துக்குப் பதில் இருபது. கரண்டுக்கு முன் பிடுங்கியதாலேயே எலும்பு தப்பிவிடும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல் செட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். கரண்டுக்குப் பிறகு எச்சில் வற்றிய வாயில் செட் ஒட்டாது. உராய்ந்து புண்ணாகும். அந்தப் புண்ணே எலும்பு திறப்பதற்கு இன்னொரு வாசல். பலர் செட்டை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு இட்லியைக் கரைத்துக் குடிக்கிறார்கள்.

மகள் கேட்ட மூன்றாவது வழி, பிறகு பார்த்துக்கொள்வது. கேட்கும்போது இதமாக இருக்கும். மூன்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். கரண்ட் எலும்பை மட்டும் தொடுவதில்லை. எச்சில் சுரப்பிகளும் வாடிப்போகும். எச்சில் இல்லாத வாயில் சொத்தை விழும் வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஈறை ஒட்டி வளையம் போட்ட மாதிரி அரித்து, சில மாதங்களில் பல் கழுத்தோடு முறிந்து விழும். கூடவே மெல்லும் தசை இறுகி வாய் திறப்பு குறைகிறது. இரண்டு விரல் நுழையாத வாயில் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய முயன்று பாருங்கள். அதாவது பல் கெடும் வேகம் கூடுகிறது, அதைச் சரிசெய்யும் வசதி குறைகிறது, பிடுங்கினால் ஆற்றும் சக்தியும் எலும்பிடம் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும். இந்தப் பலவீனத்துக்குக் காலக்கெடுவும் கிடையாது. எலும்புச் சாவு பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வருகிறது. பத்து வருடம் கழித்து ஒரு பல்லைப் பிடுங்கிய இடத்திலும் வரலாம்.

எச்சில் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. கதிரைச் செதுக்கிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி முறை வந்தபின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2011 இல் வெளிவந்த பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்துத் தொந்தரவான வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கும் ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம் பேருக்கும் இருந்தது. எந்த முறையில் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பல் முடிவுக்கும் உதவும். தாடையின் எந்தப் பகுதிக்கு 50 கிரேவுக்கு மேல் போகிறது என்பதையும் கேளுங்கள். அந்த எல்லைக்கு உள்ளே இருக்கும் பல்லுக்கு ஒரு நீதி, வெளியே இருக்கும் பல்லுக்கு வேறு நீதி.

என் ஓட்டு நடு வழிக்கு. தேறாததை எடுப்பது, தேறுவதைக் காப்பாற்றுவது. சொல்ல எளிது, 'தேறாது' என்பதற்கு எங்கே கோடு போடுவது என்பதில்தான் வேலை. கதிர் விழும் இடத்துக்குள் இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லிடம் நான் கறாராக இருப்பேன். ஆடினாலும், ஈறுக்குள் 6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலும், சொத்தை வேர்வரை போயிருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. பாதி முளைத்து ஈறுக்குள் புதைந்த ஞானப்பல், எப்போதோ உடைந்து உள்ளே நிற்கும் வேர்த்துண்டு, இவற்றுக்கும் அதே முடிவு. அதே நிலையில் மேல் முன்பல் ஒன்று இருந்தால், கதிரின் எல்லைக்கு வெளியே என்றால், அடைத்து வைத்துக் காப்பாற்றப் பார்ப்பேன்.

இதில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் அளவுகோலும் சேர்கிறது. இந்த ஆள் திரும்பி வருவாரா? இரண்டு பஸ் மாறி வர வேண்டிய கிராமம், ஒரு நாள் கூலி போய்விடும், கூட வர ஆளில்லை என்றால், சந்தேகத்தில் நிற்கும் பல்லைக் காப்பாற்றி அனுப்புவது உபகாரம் ஆகாது. வசதி உள்ளவருக்கு விட்டுவைக்கும் பல்லை வசதி இல்லாதவருக்குப் பிடுங்குகிறேன் என்பது எனக்கே கசப்பான உண்மை. புகையிலையை இன்னும் விடாதவருக்கும் இதே கணக்குத்தான்.

காலக் கணக்கும் நெருக்கும். பிடுங்கியபின் ஈறு மூடக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், மூன்று கிடைத்தால் நிம்மதி. இன்னொரு பக்கம், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிடுவது புற்றுக்கு நல்லது. நம் லாரிக்காரர் வந்தது மூன்றாவது வார முடிவில், அதாவது ஒரு நாள்கூட மிச்சமில்லை. புற்றையும் பல்லையும் தராசில் வைத்தால் புற்றுத்தான் கனம். பல்லுக்காகக் கரண்டைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த நெருக்கடிக்கு வழி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே பல் டாக்டரைப் பார்த்துவிட்டால், அதே மயக்கத்தில், அதே மேசையில், எடுக்க வேண்டிய பல்லையும் எடுத்துவிடலாம். தனி ஊசி வேண்டாம், தனிப் பயணம் வேண்டாம், ஆறுவதற்கு நாலைந்து வாரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஏன் இது எல்லா இடத்திலும் நடைமுறையாகவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர் யாராவது இதைப் படித்தால், டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

கரண்ட் முடிந்துவிட்டது, இப்போது பல் வலிக்கிறது என்று வருபவர்களே எனக்கு அதிகம். இவர்களுக்கு வேறு ஒப்பீடு.

முதலில், பிடுங்காமல் தப்பிக்கப் பார்க்க வேண்டும். வேருக்குள் ரூட் கெனால் செய்து, மேலே தெரியும் பல்லை ஈறு மட்டத்துக்கு வெட்டி, வேரை எலும்புக்குள்ளேயே அடைத்து விட்டுவிடலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் சுவரில் துளை விழவில்லை. வாய் ஓரளவு திறந்தால், நான் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் எலும்பைக் காக்க என்ன துணை? ஒரு காலத்தில் அழுத்த ஆக்சிஜன் அறை, அதாவது அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிப்பது, என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழு 1985 இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம்: 74 பேர், பென்சிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்புச் சாவு, ஆக்சிஜன் அறையில் இருந்த 37 பேரில் 2 பேருக்கு மட்டும். பிடுங்குவதற்கு முன் 20 முறையும் பின் 10 முறையும் அறைக்குள் உட்கார வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, 2019 இல், பிரிட்டன் தலைமையில் நடந்த ஹோபான் ஆய்வு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது. எலும்புச் சாவு வந்தது ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 5.7 சதவீதம் பேருக்கு. வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் ஆக்சிஜன் தோற்றதைவிட, ஆக்சிஜன் பெறாதவர்களிடையே எலும்புச் சாவு 30 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் குறைந்திருப்பதுதான் முக்கியமாகப் படுகிறது. கதிர் கொடுக்கும் விதம் மாறிவிட்டது, பிடுங்கும் கை மென்மையாகிவிட்டது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் அமைப்பான ஆஸ்கோவும் கூட்டாளி அமைப்புகளும் 2024 இல் தந்த வழிகாட்டுதலும், பல் பிடுங்குமுன் எல்லோருக்கும் ஆக்சிஜன் அறை என்பதை ஏற்கவில்லை. அந்த அறை எல்லா ஊரிலும் கிடையாது. முப்பது தடவை போய் வரும் செலவை நினைத்துக் கடன் வாங்கத் துணிந்த குடும்பங்களுக்கு இது நிம்மதியான செய்தி.

இன்னொரு துணை மாத்திரை: பென்டாக்ஸிபைலின், கூடவே வைட்டமின் ஈ. முதலாவது கால் ரத்த ஓட்டத்துக்கென்று வந்த பழைய மருந்து. இரண்டும் சேர்ந்து நார்த்திசு படர்வதைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் பிரான்சின் டெலானியன் குழு இதைப் பரவலாக்கியது. விலையும் மலிவு. அதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கில்லை; ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவு வரலாம்.

இவையெல்லாவற்றையும்விட, பிடுங்கும் விதம் பெரிது. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் மட்டும், கூர்மையான எலும்பு விளிம்பை மழித்து, ஈறை இழுத்துத் தைத்து. கரண்ட் வைத்த வாய் என்பதைச் சொல்லாமல் போய் உட்கார்ந்தால் எந்த டாக்டரும் சாதாரணப் பல்லைப் போலத்தான் பிடுங்குவார். புற்று எலும்புக்குப் பரவியதற்காக ஜொலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர்களும் இதைச் சொல்ல வேண்டும். வேறு வழியில், ஏறக்குறைய அதே கேடு அங்கேயும் வரும்.

லாரிக்காரருக்கு 24 பல் இருந்தது. கீழே இடப்பக்கம் ஆடிய இரண்டு கடைவாய்ப் பல், ஒரு வேர்த்துண்டு, பாதி புதைந்த ஞானப்பல், வலப்பக்கம் சொத்தை முற்றிய ஒன்று, ஆக ஐந்தை அன்றைக்கும் இரண்டு நாள் கழித்துமாக எடுத்தேன். 19 பல் நின்றது. பல்லுக்கு அச்செடுத்து, ஃப்ளோரைடு ஜெல் ஊற்றி மாட்டிக்கொள்ள மெல்லிய தட்டு இரண்டு செய்து கொடுத்தோம். ராத்திரி பல் தேய்த்தபின் பத்து நிமிடம் மாட்டிக்கொள்ள வேண்டும், பிறகு அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது.

"இது எத்தன நாளைக்கு தாயி?"

"இருக்கிற வரைக்கும் அண்ணாச்சி."

"பல்லு இருக்கிற வரைக்குமா, நான் இருக்கிற வரைக்குமா?"

மகள்தான் முதலில் சிரித்தாள். பதினெட்டாவது நாள் அவருக்குக் கரண்ட் தொடங்கியது. ஆறாம் மாதம் வந்தபோது வாய் திறப்பு மூன்று விரலிலிருந்து இரண்டரை விரலாகியிருந்தது; வாய் திறக்கும் பயிற்சியை நாளுக்கு மூன்று தடவையாகக் கூட்டச் சொன்னேன். மேல் வரிசையில் ஒரு பல்லில் புதிதாக ஒரு சொத்தை தெரிந்தது. குண்டூசித் தலை அளவு. அன்றைக்கே அடைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொன்னதை இரண்டு மாதமாக மாற்றிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.